குளுமைக்குக் கட்டிய சாக்கு

இந்தச் சாக்கு எதுக்கு இங்கே தொங்குகிறது என்றுதானே கேட்டீங்க அக்கா? உட்காருங்க. அந்தக் கல்லில் உட்காரலாம், இப்போதான் கழுவிவிட்டேன். வாளியைக் கீழே வையுங்க. மோட்டாருக்குக் கரண்ட் வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. வந்தால் உள்ளே சிவப்பு பல்பு எரியும், நான் எழுந்துபோய்ப் போட வேண்டும். அதுவரைக்கும் எனக்கு வேலை இல்லை. பாப்பாவும் தூங்குகிறாள்.

ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். இதே கேள்விக்கு ஒரு தடவை ஒரே வார்த்தையில் பதில் சொல்லி நான் பட்டது போதும். இப்போ யார் கேட்டாலும் முழுசாகச் சொல்லிவிடுவது என்று வைத்திருக்கிறேன். போன வாரம் உங்களை மாதிரித்தான் இங்கே தங்க வந்த ஒருத்தர் கேட்டார். நான் பாதி சொல்வதற்குள் போன் வருகிறது என்று எழுந்து போய்விட்டார். போன் அடித்த மாதிரித் தெரியவில்லை. நீங்க அப்படிப் போக மாட்டீங்க, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

எனக்குப் பேச்சு வராது அக்கா. சிரிக்காதீங்க. இந்த வாயெல்லாம் ஆறு மாசமாகத்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பெயரைக் கூப்பிடுவார், "சுருளியம்மா" என்று. நானும் 'உள்ளேன் ஐயா' சொல்வேன். எனக்கு மட்டும்தான் கேட்கும். அவர் ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். முதல் பெஞ்சில் அவர் மூக்குக்கு நேராக உட்கார்ந்துகொண்டே வருசத்தில் பாதி நாள் நான் பள்ளிக்கூடம் வரவில்லை. அஞ்சாவதோடு நின்றேன். நின்றது அவருக்குத் தெரிந்திருக்காது.

கல்யாணமாகி இந்தத் திராட்சைத் தோட்டத்துக்கு வந்து நாலு வருசம். வீட்டுக்காரர் பெயர் மொக்கச்சாமி. தண்ணீர் பாய்ச்சுவது, மருந்து அடிப்பது, கொடியை வெட்டிக் கவாத்து பண்ணுவது எல்லாம் அவர். நான் பந்தலுக்கு அடியில் நின்று இலை கிள்ளுவேன், பழம் வெட்டும்போது கூடையில் அடுக்குவேன். தங்குவதற்கு இந்த மோட்டார் ரூமைக் கொடுத்தாங்க. பாதி மோட்டாருக்கு, பாதி எங்களுக்கு. முதலாளி தங்கமுத்து ஐயா நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னாடி நீங்க வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது.

நாங்க வந்தபோது இந்த வாசலுக்குக் கதவு இருந்தது. கறையான் அடியிலிருந்து தின்றுகொண்டே மேலே வந்தது. ஒரு ஆடிக்காற்றில் கழன்று விழுந்தது. எனக்கு அன்றைக்கு விறகு இல்லை, அதை அடுப்பில் வைத்துச் சோறு பொங்கினேன். இவர் போய் முதலாளியிடம் சொன்னார். இந்தப் பழவெட்டு முடியட்டும் மொக்கை, புதுசாப் போட்டுரலாம் என்றாராம். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டத்தில் இல்லாவிட்டால் ஒரு தோட்டத்தில் வருசம் பூரா பழம் வெட்டிக்கொண்டே இருப்பாங்க. எந்தப் பழவெட்டு என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் புண்ணாக்கு வந்த சணல் சாக்கு ரெண்டைப் பிரித்து, ஒன்றாகத் தைத்து, வாசலில் தொங்கவிட்டேன். கீழே காற்றுக்குத் தூக்காமல் இருக்க ரெண்டு செங்கல். அவ்வளவுதான் எங்கள் கதவு. பாப்பா பிறந்து, குப்புற விழுந்து, தவழுகிற வரைக்கும் அது போதுமாகத்தான் இருந்தது. தவழ ஆரம்பித்த பிறகு எனக்கு ஒரு நாளும் நிம்மதி இல்லை. வாசலுக்கு நேரே தண்ணீர்த் தொட்டி. அதுக்கு அந்தப் பக்கம், எண்ணிப் பார்த்திருக்கிறேன், முப்பத்தொரு எட்டில் கிணறு. சுற்றுச்சுவர் என் முழங்கால் உயரம்கூட இல்லை. கதவைப் பற்றி முதலாளியிடம் நானே சொல்லிவிடுவது என்று தினமும் முடிவு பண்ணுவேன். அவர் கார் உள்ளே நுழைந்தால் பந்தலுக்கு அடியில் போய் இலை கிள்ளுவேன். ஒரு தடவை பக்கத்துத் தோட்டத்து இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன், அவங்க ஆள் வந்து விரட்டினார்.

அப்போதான் ஐயாவுக்கு இந்த யோசனை வந்தது. பந்தலுக்கு நடுவே ரூம் கட்டிவிட்டால் பட்டணத்து ஆட்கள் வந்து தங்கி, பழத்தைக் கையால் பறித்துச் சாப்பிட்டுவிட்டுப் போவாங்க என்று. அதுக்குக் கோயம்புத்தூரில் இருந்து ஆதிரை மேடம் வந்தாங்க. கட்டடப் படம் போடுகிறவங்க. என் வயசுதான் இருக்கும், ஆனால் ஐயாவையே எதிர்த்துப் பேசினாங்க. அவர் கண்ணாடி வைத்து, ஏசி வைத்துக் கேட்டார். மேடம் முடியாது என்றுவிட்டாங்க. மண்ணுக்கும் தண்ணீருக்கும் கெடுதல் பண்ணாத ரூம், இங்கே இருக்கிற மண், இங்கே இருக்கிற ஆள், வெயிலைத் தாங்க இங்கே இருக்கிறவங்க என்ன செய்கிறாங்களோ அதுதான் என்றாங்க. என்கூட வேலை பார்க்கிற ஒச்சம்மா அக்கா என் காதில், "மண்சுவரு வேணாம்னுதானடி நாம காலனி வீட்டுக்கு மனு மேல மனுவா எழுதிப் போடுறோம், இவுக அதத் தேடி கார்ல வந்துருக்காக" என்றது.

இங்கே இருக்கிறவங்க என்ன செய்கிறாங்க என்று பார்க்க மேடம் நேராக இந்த மோட்டார் ரூமுக்குத்தான் வந்தாங்க. கூடவே ஐயாவும், பின்னாலேயே என் வீட்டுக்காரரும். நான் ஓட இடமில்லை, இடுப்பில் பாப்பா. அன்றைக்குப் பார்த்து ஒச்சம்மா அக்காவின் ஆடு இந்தச் சாக்கின்மேல் ஒன்றுக்குப் போயிருந்தது. அலசி, சொட்டச் சொட்டத் தொங்கவிட்டிருந்தேன்.

மேடம் சாக்கைத் தொட்டுப் பார்த்தாங்க. உள்ளே கையை நீட்டிப் பார்த்தாங்க.

"வாசல்ல எதுக்கு ஈரச்சாக்கு கட்டிருக்கீங்க?"

ஐயா பக்கத்தில் நிற்கிறார் அக்கா. கதவு இல்லை என்று எப்படிச் சொல்வேன்? வெளியூரில் இருந்து வந்தவங்க முன்னாடி முதலாளியை நிற்க வைத்துக் கேட்ட மாதிரி ஆகிவிடுமே. ஆட்டு மூத்திரம் என்று எப்படிச் சொல்வேன்? வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன்.

"குளுமைக்கு."

முதல் தடவையாக நான் சொன்னது ஒருத்தர் காதில் விழுந்தது. விழுந்தது மட்டும் இல்லை, நோட்டில் எழுதிக்கொண்டாங்க.

அதோடு விட்டிருக்கலாம். மேடம் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாங்க. சிமெண்டு சீட்டு மேலே ஒரு திராட்சைக் கொடி படர்ந்து கிடந்தது. அது இவருடைய வேலை. இல்லை, இவர் செய்யாத வேலை. பந்தல் ஓரத்தில் அந்தக் கொடிகிட்டே குளவி கூடு கட்டியிருந்ததால் ரெண்டு கவாத்துக்கு அதைத் தொடவே இல்லை. அது ஆள் இல்லாத வீட்டுக்குள் புகுந்த மாதிரி எங்கள் கூரையில் ஏறிவிட்டது. மேடம் இது தானா ஏறுச்சா, ஏத்தி விட்டீங்களா என்று கேட்டாங்க. ஐயா உடனே இவரைத் திரும்பிப் பார்த்தார். கவாத்து பண்ணாமல் விட்டால் அவருக்குக் கண் சிவந்துவிடும். "நாங்கதாங்க ஏத்திவிட்டோம்" என்றேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில், கல்யாணத்தன்றுகூட இல்லாத அன்பு இருந்தது.

அப்புறம் சுவரில் ஒரு ஓட்டை. பழைய பைப் போன ஓட்டை. அதில் பானைக் கழுத்து ஒன்றைச் செருகியிருந்தேன், ஓணான் வராமல் துணி அடைக்க வசதியாக. பானை நான் கைதவறி உடைத்தது. அதைக் கேட்டபோது எனக்குப் பொய் பழகியிருந்தது. "காத்து வடிகட்டி வரும்" என்றேன். காற்று எப்படி வடிகட்டும், எனக்குத் தெரியாது. மேடத்துக்குத் தெரிந்திருந்தது. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிப் படமே போட்டுவிட்டாங்க.

போகும்போது ஐயா மேடத்திடம் பெருமையாகச் சொன்னார். நம்ம தோட்டத்து ஆளுக எல்லாரும் இப்படித்தான், இயற்கையா இருப்பாங்க என்று. அதுக்கு அடுத்த வாரம் இவர் கதவைப் பற்றி ஞாபகப்படுத்தப் போனார். போனவர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாரு?"

"கதவு எதுக்குடா, ஒம் பொண்டாட்டிதான் சாக்குத்தான் வேணும்னு சொல்லுச்சே, அவ ஆசையில ஏன் மண்ணப் போடுறங்கறாரு."

சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இவர் சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆறு மாசம் வேலை நடந்தது. அந்த ஆறு மாசமும் பாப்பா வளர்ந்தாள். தவழ்ந்தவள் நின்றாள், நின்றவள் நடந்தாள். நான் பந்தல் வேலைக்குப் போகும்போது முந்தானை முனையை அவள் இடுப்பில் முடிந்துகொள்வேன். நான் ஒரு பக்கம் இலை கிள்ள, அவள் ஒரு பக்கம் என்னைக் கிள்ளிக்கொண்டிருப்பாள். தூங்கினால் மட்டும் உள்ளே போட்டு, சாக்கை இறக்கி, செங்கல்லை வைத்துவிட்டு வருவேன். பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒச்சம்மா அக்கா, "நீ வாங்குற கூலியில பாதி ஓட்டத்துக்குத்தான்டி" என்று சொல்லும்.

அந்தப் பக்கம் மண்சுவர் எழும்பியது. நீங்க இருக்கிறது நாலாவது ரூம் இல்லையா? அதுக்கு மண் மிதித்ததில் நானும் உண்டு. ஒவ்வொரு ரூமுக்கும் கூரையில் ஒரு கொடியை ஏற்றிவிடச் சொன்னாங்க மேடம். கவாத்து பண்ணாமல் விடுவதற்கு இவருக்குக் கூலி கொடுத்தாங்க. குளவிக்குக் கொடுக்க வேண்டியது. பானைக்காரரிடம் சுவரில் பதிக்க அறுபது பானை கேட்டு, எல்லாவற்றையும் கழுத்தோடு உடைத்துத் தரச் சொன்னாங்க. அந்த மனுசன் மூன்று தடவை வந்து கேட்டார், நல்ல பானையத்தான ஒடைக்கணும், நெசமாத்தான சொல்றீங்க என்று. வாசலுக்கு வாசல் தாழ்வாரத்தில் சணல் சாக்கு. அதுக்கு மேலே ஒரு சொட்டுநீர்க் குழாய், சாக்கு காயாமல் சொட்டிக்கொண்டே இருக்க. அந்தக் குழாயைக் காலையில் திறந்து சாயந்திரம் மூடுகிற வேலை எனக்கு. நான் சொன்ன பொய்க்கு நானே தண்ணீர் ஊற்றி வளர்க்கிறேன், பாருங்க.

எனக்குத் தூக்கம் போனது சாக்கினால் இல்லை, கதவினால். ரூமுக்குப் புது மரம் வெட்ட வேண்டாம், பழைய வீடு இடிக்கிற இடத்தில் கதவு வாங்கலாம் என்று மேடம் காரைக்குடிப் பக்கம் போய் லாரியில் கதவு கொண்டுவந்தாங்க. ஆறு ரூமுக்கு ஏழு கதவு. ஏழாவதைக் கொண்டுவந்து எங்கே சாய்த்து வைத்தாங்க தெரியுமா? இந்த மோட்டார் ரூம் சுவரில். இதோ, நீங்க சாய்ந்திருக்கிற இடத்தில்.

தேக்குக் கதவு அக்கா. நடுவில் பித்தளை வளையம், நாலு மூலையிலும் தாமரைப் பூ. கதவில்லாத வாசல், அதுக்கு ரெண்டு எட்டில் வாசல் இல்லாத கதவு. ஒரு மாசம் அப்படியே நின்றது. நான் தினமும் அதைத் துடைத்தேன். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன், என் தலைக்குப் போட எண்ணெய் இல்லாமல் போனது. இவரும் மனசுக்குள் அளவெடுத்துவிட்டார், சுவரில் எந்தப் பக்கம் கொஞ்சம் இடிக்க வேண்டும் என்று. ஒச்சம்மா அக்கா ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, "போய்க் கேளுடி, வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு" என்றது. நாளைக்குக் கேட்கிறேன் என்றேன். நாளைக்கு மேடமே வந்தாங்க. கதவைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம், "நல்லா பளபளன்னு இருக்கே, யார் தொடச்சது?" என்று கேட்டாங்க. இதைவிட ஒரு வாய்ப்பு மனுசருக்கு வருமா? நான் என் மேலேயே விரலைக் காட்டினேன். தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டு, ரெண்டு ஆளைக் கூப்பிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டாங்க.

படுக்கப்போட்டு நாலு கால் வைத்து, தங்க வருகிறவங்க சாப்பிடுகிற மேசையாக்கிவிட்டாங்க. பித்தளை வளையத்தில் பூ செருகினாங்க. கதவின்மேல் சோறு வைத்துத் தின்பாங்க என்று நான் கனவா கண்டேன்?

இந்த வருசம் சித்திரையில் திறப்பு விழா. பன்னிரண்டு பேர் வந்தாங்க, எல்லாரும் வெள்ளையில். சந்தனக் கிண்ணத்தையும் பன்னீர்ச் செம்பையும் என்னிடம் கொடுத்து வாசலில் நிற்கச் சொன்னார் ஐயா. ஒச்சம்மா அக்கா சமையலுக்குப் போய்விட்டது. பாப்பாவைத் தூங்க வைத்து, சாக்கை இறக்கி, ரெண்டு செங்கல்லோடு மூன்றாவதாக ஒன்றையும் வைத்துவிட்டு வந்தேன்.

மேடம் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினாங்க. வெளியே இருக்கிற வெயிலுக்கும் உள்ளே இருக்கிற வெயிலுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு கருவியைக் காட்டினாங்க. கொடியைக் காட்டினாங்க, பானையைக் காட்டினாங்க. அப்புறம் இந்தச் சாக்கு நான் படித்த படிப்பில் இல்லை, இந்தா நிற்கிறாங்களே, இந்தச் சுருளியம்மாதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க என்றாங்க. பன்னிரண்டு பேரும் கைதட்டினாங்க. நான் சந்தனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது உலர்ந்து வெடிக்கிற வரைக்கும் பார்த்திருப்பேன். எதற்கோ நிமிர்ந்தபோது கண் இந்தப் பக்கம் வந்தது. சாக்கின் ஒரு ஓரம் மடிந்து கிடந்தது. ஒரு செங்கல் உருண்டிருந்தது.

மேடம் பேசி முடிக்கட்டும், அப்புறம் போகலாம் என்று நினைத்தேன்.

அதைச் சொல்ல இப்போதும் வாய் கூசுகிறது அக்கா. பெற்ற பிள்ளை. முப்பத்தொரு எட்டில் கிணறு. நான் பேச்சு முடியட்டும் என்று நிற்கிறேன். ஒன்றை முடித்தாங்க, இன்னொன்றை ஆரம்பித்தாங்க. போய்விடலாம் என்றால் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று ஒரு யோசனை. கடைசியில் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் கையில் திணித்தேன். அவர் நான் உபசாரம் பண்ணுகிறேன் என்று நினைத்து, சந்தனத்தை எடுத்து நிதானமாக ரெண்டு கையிலும் பூசிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். வாங்கிக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

உள்ளே பாப்பா இல்லை. பாய் இருந்தது, பால் டப்பா இருந்தது. தொட்டியில் பார்த்தேன், ஒரு திராட்சை இலை மிதந்தது. கிணற்றுக்கு ஓடினேன். சுவரில் கையை ஊன்றிக் குனிந்தேன். பார்த்தேன். பச்சைத் தண்ணீர் அசையாமல் இருந்தது. அசையாமல் இருப்பது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்போ ஒரு சத்தம் கேட்டது. யாரோ ஒரு பொம்பளை தோட்டமே அதிர, பாப்பா பாப்பா என்று கத்துகிறாள். அது நான்தான் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

எல்லாரும் ஓடிவந்தாங்க. இவர் சட்டையோடு கிணற்றுப் படியில் இறங்கிவிட்டார். ஐயா மூச்சிரைக்க வந்து, "உள்ளதான் இருக்கும்மா, நல்லாப் பாரு. ரூமுக்குள்ள இருந்து எங்க போயிரும்?" என்றார்.

"கதவு இருந்தா உள்ள இருப்பா" என்றேன். "கதவு இல்லைங்க ஐயா. அது குளுமைக்கு இல்ல. ரெண்டு வருசமா கதவு இல்ல."

பன்னிரண்டு பேரும் நின்றுவிட்டாங்க. மேடம் கையில் அந்தக் கருவியோடு நின்றாங்க.  அப்போதான் ஒச்சம்மா அக்காவின் குரல் மூன்றாவது ரூம் பக்கமிருந்து வந்தது.

"அடியே, இங்க வாடி. ஒம் மக இங்க குடித்தனம் பண்ணிக்கிட்டிருக்கா."

மூன்றாவது ரூம் தாழ்வாரத்தில், சாக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, மேலே குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீரை நாக்கை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து கண்ட வாசல் அதுதானே. சாக்குத் தொங்கினால் அது அவளுக்கு வீடு. தொட்டியையும் கிணற்றையும் தாண்டி அவள் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.  மேடம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, "அப்போ கொடி?" என்று கேட்டாங்க. வாய் திறந்துவிட்டது அக்கா, இனி மூட எனக்குத் தெரியவில்லை. கொடி இவர் குளவிக்குப் பயந்து கவாத்து பண்ணாமல் விட்டது என்றேன். பானை? நான் உடைத்தது. ஈரம்? அதுக்கும் ஒளிக்கவில்லை, பன்னிரண்டு பேர் முன்னாடி ஆட்டைப் பற்றிச் சொன்னேன். ஒரு அம்மா சாக்கின்மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாங்க. மேடம் முகத்தை மூடிக்கொண்டாங்க. அழுகிறாங்க என்று நினைத்தேன். தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாங்க. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கருவியைப் பார்த்துவிட்டு, ஆனா உள்ள குளுமையாத்தான இருக்கு என்றாங்க. அவங்க நல்லவங்க, நான் மனசு வருந்தக் கூடாது என்று சொன்னது. தப்பும் தவறுமாகச் சொன்னது எப்படி அக்கா சரியாக இருக்கும்?

ஐயா சிரிக்கவில்லை. இன்றைக்கே மூட்டையைக் கட்டச் சொல்லிவிடுவார் என்று நான் பாயையும் பாத்திரத்தையும் மனசுக்குள் சுருட்டிவிட்டேன். அவர் இந்த மோட்டார் ரூமையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சாப்பாட்டு மேசையைப் பார்த்தார். அதில் பிரியாணி அண்டா, கோழி, பழத்தட்டு, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் அடுக்கியாகிவிட்டது.

"மொக்கை," என்றார். "அந்தச் சோத்தயெல்லாம் எறக்கு."

இவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அன்றைக்குப் பன்னிரண்டு பேரும் தரையில் பாய் விரித்து, இலை போட்டுச் சாப்பிட்டாங்க. சாப்பிடச் சாப்பிடப் பின்னால், ரூம் கதவுகளை மாட்டிய ஆசாரி மேசையின் காலைக் கழற்றிக்கொண்டிருந்தார். சந்தனம் பூசிய பெரியவர் அவருக்குத் திருப்புளி எடுத்துக் கொடுத்தார். ஐயா பந்தியில் உட்காரவே இல்லை, ஆசாரி பக்கத்திலேயே நின்றார். அதனால்தான் சொல்கிறேன், அவர் நல்லவர்.

சாக்கை விலக்குங்க, பார்க்கலாம். தெரிகிறதா? அதுதான். நல்லாத் தேய்த்துப் பாருங்க, லேசாகப் பிரியாணி அண்டா வைத்த வட்டம்கூட இருக்கும். இந்த ரூமுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, எனக்கும் தெரியும். சுவரை ஒரு முழம் இடித்துத்தான் பொருத்தினாங்க. கோணியில் சரிகைக் கரை வைத்த மாதிரி இருக்கிறது. தாழ்ப்பாளைப் பாப்பாவுக்கு எட்டாத உயரத்தில் போடச் சொன்னேன், ஆசாரி எனக்கும் எட்டாத உயரத்தில் போட்டுவிட்டார். அந்த மூன்று செங்கல்லும் வீணாகப் போகவில்லை. அதன்மேல் ஏறித்தான் தாழ் போடுகிறேன்.

அப்போ சாக்கு எதுக்கு என்கிறீங்க. அங்கேதான் என் பிழைப்பே சிரிப்பாய்ச் சிரிக்கிறது. ரெண்டு வருசம் ஏங்கி வாங்கின கதவு இல்லையா, முதல் நாள் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். மோட்டார் சூடு, சீட்டுச் சூடு, அடுப்புச் சூடு. பாப்பாவுக்கு வேர்த்து ஊற்றியது. அரை மணி நேரம் வீம்பாக உட்கார்ந்திருந்தேன். அப்புறம் திறந்தேன். வாசலில் பழைய சாக்கைத் தொங்கவிட்டு, ஒரு செம்பு தண்ணீரை அள்ளி விசிறினேன். பந்தலுக்குள் இருந்து ஒரு காற்று வந்தது பாருங்க. வேலைக்குப் போகும்போது கதவு, உள்ளே இருக்கும்போது சாக்கு. இப்போ கேட்டால் குளுமைக்குத்தான். முதலில் ஒரு வார்த்தையில் சொன்னேனே, அதே வார்த்தை. அதுக்காகத்தான் உங்களை இவ்வளவு நேரம் உட்கார வைத்தேன்.

மேடம் மாசத்துக்கு ஒரு தடவை எனக்குப் போன் போடுறாங்க. ஆறு ரூமிலும் என்ன குறை, நிஜத்தை மட்டும் சொல்லுங்க என்கிறாங்க. நானும் தங்குகிறவங்களிடம் கேட்கிறேன். ஒருத்தரும் சொல்ல மாட்டேன் என்கிறாங்க. எல்லாம் சூப்பர் என்று சொல்லிவிட்டுப் போய்விடுறாங்க. நீங்க அப்படிப் பண்ணாதீங்க அக்கா. என் கதையைக் கேட்டீங்க இல்லையா, குறை இருந்தால் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். உங்கள் ரூமில் எல்லாம் சரியாக இருக்கிறதா?

என்ன? சத்தமாகச் சொல்லுங்க.

குழாயில் தண்ணீர் வரவில்லையா? எப்போதிலிருந்து? நேற்றுச் சாயந்திரத்திலிருந்தா?

ஐயோ, அதுக்குத்தான் வாளியா? நான் பட்டணத்து ஆட்கள் எதையாவது கையில் வைத்துக்கொண்டுதான் நடப்பாங்க போல என்று நினைத்துவிட்டேன். சாக்குக்குப் போகிற சொட்டுக் குழாயை நேற்று நான் மூடவில்லை, அது மொத்தத் தண்ணீரையும் இழுத்திருக்கும். முகம்கூடக் கழுவாமலா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கீங்க? தண்ணீர் கேட்க வந்தவங்க எதுக்குச் சாக்கைப் பற்றிக் கேட்டீங்க?

சரி சரி, சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். நீங்களும் என்னை மாதிரி முதல் பெஞ்சு.

பல்பு எரிந்துவிட்டது பாருங்க. இப்படிக் கொடுங்க வாளியை.